எல்லோராலும் சொல்ல முடிந்த வாக்கியம்

போன வருடம் ஒரு விபத்து அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். விபத்து என்பதுகூடக் கொஞ்சம் பெரிய வார்த்தைதான். யாருக்கும் அடிபடவில்லை. பராமரிப்பு வேலையின்போது தவறான வால்வு ஒன்று திறக்கப்பட்டு, ஆலை ஆறு மணி நேரம் நின்றுபோனது. திறந்தவர் குத்தகை நிறுவனத்திலிருந்து வந்த டெக்னீஷியன். என்னைவிட இருபது வயது மூத்தவர், 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவேன். வரைபடத்தில் அந்த வால்வின் எண் மாறியிருந்தது. குழாயில் தொங்கிய தகட்டில் பழைய எண்ணே இருந்தது. தகட்டை மாற்றியிருக்க வேண்டியது எங்கள் பிரிவு.

ஏழு பேர், மூன்று மணி நேரக் கூட்டம். அவர் சரிபார்க்கவில்லை என்றது முதல் வரைவு. நான் ஒத்துக்கொள்ளவில்லை. தகடு மாற்றப்படவில்லை என்றது இரண்டாவது. அதற்கு இன்னொருவர் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் யாரோ ஒருவர் கண்டுபிடித்த ஆங்கில வாக்கியத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'வால்வின் அடையாளம் உறுதி செய்யப்படாமல் வேலை தொடங்கியது.' எல்லோரும் தலையாட்டினோம். "ஓகேதானே தம்பி? சைன் போட்டுடு, போயி பசியாறலாம்."

உறுதி செய்யாதது எங்கள் பிரிவு என்று நான் படித்துக்கொண்டேன். அண்ணன்தான் என்று மற்றவர்கள் படித்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் அவருடைய நுழைவு அட்டை புதுப்பிக்கப்படவில்லை.

இதற்குச் சில வாரங்கள் கழித்து, கத்தோலிக்க நண்பன் ஒருவனின் மகனுக்கு ஞானஸ்நானம். ஞாயிறு தமிழ்ப் பூசைக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நடுவில் எல்லோரும் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணத்தைச் சொன்னார்கள். அதில் மகனும் தந்தையும் ஒரே 'பொருள்' என்று வருகிறது. தமிழில் பொருள் என்றால் வஸ்து, அர்த்தம் இரண்டும்தான். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று நண்பனைக் கேட்டேன். "யாருக்குத் தெரியும், சின்ன வயசுலேர்ந்து சொல்றோம்" என்றான். வீட்டுக்குப் போய்த் தேட ஆரம்பித்தவன், இரண்டு மாதம் அதிலிருந்து வெளியே வரவில்லை.

சொல்லின் கிரேக்க மூலம் ஹோமோஊசியோஸ். ஊசியா என்பதைத்தான் தமிழில் பொருள் என்கிறார்கள். அது வேதாகமத்தில் இல்லாத சொல். அது பிரமாணத்துக்குள் வந்த கதைதான் என்னைப் பிடித்து உட்கார வைத்தது.

அலெக்சாந்திரியாவில் ஆரியஸ் என்றொரு குரு. மகன் தந்தையால் உண்டாக்கப்பட்டவர், ஆகவே அவருக்கு ஒரு தொடக்கம் உண்டு என்று போதித்தார். அவருடைய ஆயர் அலெக்சாந்தருக்கு இது தாங்கவில்லை. சண்டை ஏறக்குறைய 318இல் தொடங்கி ஊர் ஊராகப் பரவியது. மாலுமிகளும் மாவரைப்பவர்களும் பாடுவதற்கு ஆரியஸ் பாட்டே கட்டிக்கொடுத்தார் என்கிறார்கள். 324இல் பேரரசு முழுவதையும் கைப்பற்றிய கான்ஸ்டன்டைன், இந்த அற்ப விஷயத்துக்கா இவ்வளவு சண்டை என்ற தொனியில் இருவருக்கும் கடிதம் எழுதினார். (என் மேலாளரும் எழுதியிருப்பார்.) கடிதம் பலிக்கவில்லை. 325இல் நைசீயாவில், இன்றைய துருக்கியின் இஸ்னிக்கில், ஆயர்களைக் கூட்டினார்.

அந்தக் கூட்டத்தில் இளம் உதவியாளராக இருந்தவர் அத்தனாசியஸ். பின்னாளில் அவர் எழுதியதில் ஒரு காட்சி வருகிறது. ஆயர்கள் முதலில் வேதாகமச் சொற்களையே வைத்து வாக்கியம் அமைக்கப் பார்க்கிறார்கள். மகன் கடவுளிடமிருந்து வந்தவர் என்று எழுதலாமா? ஆரியஸின் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கண்ணைக் காட்டிக்கொள்கிறார்கள். எல்லாமே கடவுளிடமிருந்துதானே வந்தது, தாராளமாக எழுதுங்கள். எந்தச் சொல்லை எடுத்தாலும் அவர்களால் தங்கள் அர்த்தத்தில் ஏற்றுக்கொள்ள முடிகிறது. அத்தனாசியஸ் எதிர்த்தரப்பு ஆள், கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் படித்தபோது எனக்கு எங்கள் மீட்டிங் ரூமின் ஏசி காற்று அடித்தது.

ஹோமோஊசியோஸ் உள்ளே வருவது இங்கேதான். மிலான் ஆயர் அம்புரோஸ் பின்னர் சொன்னபடி, ஆரியஸின் ஆதரவாளரான நிக்கோமீடியாவின் யூசேபியஸ் ஒரு கடிதத்தில், உங்கள் பேச்சை ஏற்றால் கடைசியில் மகனை ஹோமோஊசியோஸ் என்றல்லவா சொல்ல வேண்டிவரும் என்று எழுதியிருந்தார். கடிதம் சபையில் வாசிக்கப்பட்டது. அவர்கள் பயப்படும் சொல் இதுதான் என்று தெரிந்ததும், அதையே பிரமாணத்தில் போட்டுவிட்டார்கள். ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்கு முன் அந்தியோக்கியாவில் கூடிய ஆயர்கள் இதே சொல்லை ஒதுக்கியிருந்தார்கள் என்பது யாருக்கும் தடையாக இல்லை.

முதலில் படித்தபோது கோபம் வந்தது. ஒருவரால் சொல்லவே முடியாது என்பதற்காக ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து, அதற்கு விசுவாசம் என்று பெயர் வைப்பதா? லிபியாவைச் சேர்ந்த இரண்டு ஆயர்கள் கையெழுத்திட மறுத்து, ஆரியஸோடு நாடு கடத்தப்பட்டார்கள். இன்று ஞாயிறுதோறும் சொல்லப்படும் வடிவம் 381ஆம் ஆண்டினது. 325இன் மூல வடிவம் சாபத்தோடு முடிகிறது.

ஆனால் என் அறிக்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கோபம் நிற்கவில்லை. நைசீயாவில் எழுதப்பட்டது வேலி. மறுக்க நினைத்தவருக்கு எதை மறுக்கிறோம் என்று தெரிந்தது, மறுத்தார், அதற்கு விலை கொடுத்தார். நாங்கள் எழுதியதை யாராலும் மறுக்க முடியாது. அண்ணனிடம் நீட்டியிருந்தால் அவரும் கையெழுத்துப் போட்டிருப்பார். அவரை வெளியே அனுப்பியதும் அதே வாக்கியம்தான்.

எனக்கு இந்தக் கதையில் ரொம்பவும் நெருக்கமானவர் இன்னொரு யூசேபியஸ். செசரியாவின் ஆயர், திருச்சபை வரலாறு எழுதியவர். அந்தச் சொல் அவருக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் கையெழுத்திட்டார். பிறகு தன் ஊர் மக்களுக்கு, இன்ன அர்த்தத்தில்தான் ஒப்புக்கொண்டேன், கடவுளின் பொருள் உடலைப்போல் இரண்டாகப் பிரிந்தது என்ற அர்த்தத்தில் இல்லை என்று விளக்கிக் கடிதம் எழுதினார். கோழை, சந்தர்ப்பவாதி என்று அவரைச் சொல்லலாம். அரசர் பக்கத்தில் இருக்கும்போது எத்தனை பேருக்கு முதுகெலும்பு நிமிர்ந்தே நிற்கும்? நான் பார்ப்பது வேறொன்றை. மனதில் ஒரு அர்த்தத்தை வைத்துக்கொண்டு கையெழுத்திட்டார், சரி. அந்த அர்த்தத்தை எழுத்தில் வைத்துவிட்டார். யார் வேண்டுமானாலும் அவரைப் பிடித்துக் கேட்கலாம். என் அர்த்தம் என் மண்டைக்குள்ளேயே இருந்தது. அண்ணனுக்கு அதனால் ஐந்து காசு பிரயோசனம் இல்லை.

கையெழுத்தோடு சண்டை ஓயவில்லை. ஆரியஸ் திரும்ப அழைக்கப்பட்டார். அத்தனாசியஸ் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். அவரும் ஒன்றும் சாது இல்லை. வன்முறைக் குற்றச்சாட்டுகளின் பேரில் 335இல் தீரு நகரில் கூடிய சபை அவரைப் பதவியிலிருந்து இறக்கியது. ஆனால் 362இல் அலெக்சாந்திரியாவில் இதே மனிதர் செய்த ஒரு காரியம் என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது. கடவுளில் மூன்று ஹைப்போஸ்டாசிஸ் என்றது ஒரு கூட்டம், ஒன்றுதான் என்றது இன்னொரு கூட்டம். ஒருவர் கண்ணுக்கு மற்றவர் பாஷண்டி. மூன்று என்றவர்களிடம், மூன்று கடவுள்கள் என்றா சொல்கிறீர்கள் என்று கேட்டார்கள். இல்லை என்றார்கள். ஒன்று என்றவர்களிடம், அப்படியானால் மகன் என்பது வெறும் பெயரா என்று கேட்டார்கள். இல்லவே இல்லை, பொருள் என்பதைத்தான் அந்தச் சொல்லால் சொல்கிறோம் என்றார்கள். இரண்டு தரப்பும் ஒரே நம்பிக்கையைத்தான் வைத்திருக்கிறது என்று சபை ஏற்றுக்கொண்டது. நைசீயாவை எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதில் அத்தனாசியஸ் இம்மியும் இறங்கி வரவில்லை. வேலியை அப்படியே வைத்துக்கொண்டு, வாசலில் நின்றவனிடம் நீ என்ன அர்த்தத்தில் சொல்கிறாய் என்று விசாரித்தார், அவ்வளவுதான். முப்பத்தேழு வருடச் சண்டைக்குப் பிறகு.

எங்கள் கூட்டத்தில் அதற்கு ஐந்து நிமிடம் போதும். 'உறுதி செய்யப்படாமல்' என்றால் யாரால் என்று கேட்டிருந்தால் மறுபடியும் சண்டை வந்திருக்கும். அது தெரிந்துதான் ஏழு பேரும் கேட்கவில்லை. மற்ற ஆறு பேரை விடுங்கள், நான் கேட்கவில்லை. பசி ஒரு காரணம். வருடாந்தர மதிப்பீடு இன்னொரு காரணம்.

போன வாரம் ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்பினேன். நான் எந்த அர்த்தத்தில் கையெழுத்திட்டேன், தகடு யார் பொறுப்பு, மாற்றச் சொல்லி வந்த குறிப்பு எங்கள் பிரிவில் எத்தனை நாள் கிடந்தது. கோப்பு மூடப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. மூடியதைத் திறக்க வழியே இல்லையா என்று கேட்டேன். இருக்கிறதாம், தனிப் படிவம், மூன்று பேர் கையெழுத்து வேண்டும். படிவத்தை எடுத்து என்னுடையதைப் போட்டுவிட்டேன்.