சட்டமும் மனச்சாட்சியும்: பேராயர் கனனின் வாழ்வு எழுப்பும் வினா

மனிதனை நல்வழிப்படுத்தச் சட்டத்தின் துணையை நாடுதல் தகுமா? அறவியலாளர் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் இவ்வினாவை, ஐக்கிய அமெரிக்காவின் மெதடிஸ்த குருவான ஜேம்ஸ் கனனின் (1864–1944) வாழ்வு கூர்மையாக எழுப்புகின்றது.

வர்ஜீனியா மாநிலத்தில் குருவாகவும் பெண்கள் கல்லூரியொன்றின் அதிபராகவும் பணியாற்றிய கனன், மதுவொழிப்பைத் தமது வாழ்நாட் பணியாகக் கொண்டார். கூலியை மதுக்கடையில் தொலைத்து வெறுங்கையுடன் வீடு திரும்பும் தொழிலாளியும், அவனை எதிர்பார்த்துப் பசித்திருக்கும் மனைவி மக்களும் அக்காலச் சமுதாயத்தின் மெய்யான அவலமாக விளங்கினர். எனவே, அவரது நோக்கத்தைக் குறைகூற இடமில்லை. பேச்சாலும் எழுத்தாலும் அவர் மக்களின் இணக்கத்தை நாடினார். 1914இல் வர்ஜீனியா மக்கள் வாக்களித்து மதுவிலக்கை ஏற்றனர். 1918இல் கனன் பேராயரானார். 1920இல் மதுவிலக்கு நாடு முழுவதற்கும் சட்டமாயிற்று.

தொடக்கத்தில் மது நுகர்வு பெரிதும் குறைந்தது என்பது உண்மையே. ஆயின், கள்ளச்சாராய வாணிபமும் இலஞ்சமும் பெருகின. தொழிற்சாலைகளுக்குரிய மதுசாரத்தை எவரும் பருகாதிருக்கும் பொருட்டு அரசின் கட்டளைப்படி அதில் நஞ்சு கலக்கப்பட்டது. அதனைப் பருகிப் பலர் மாண்டனர். குடிப்பவனைக் காக்க எழுந்த சட்டம் அவனது உயிருக்கே உலைவைத்தது.

1928ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலில், மதுவிலக்கை எதிர்த்த கத்தோலிக்கரான அல் ஸ்மித்துக்கு எதிராகக் கனன் பிரசாரம் செய்தார். அங்கே கொள்கை எதிர்ப்பு, பிற மதத்தாரையும் குடியேறிகளையும் இகழும் நிலைக்குத் தாழ்ந்தது. பின்னர், அவர் பங்குச்சந்தை ஊக வாணிபத்தில் ஈடுபட்டமை வெளிப்பட்டது. தேர்தல் நிதி தொடர்பான வழக்கில் 1934இல் அவர் விடுதலையானாராயினும் இழந்த மதிப்பு மீளவில்லை. அதற்கு முன்னரே, 1933இல், மதுவிலக்கும் நீக்கப்பட்டிருந்தது.

குருவின் குறை மதுவை நன்மையாக்கிவிடாது. ஆயினும், பிறர் பலவீனத்துக்குத் தண்டனை கோருபவர் தமது பலவீனத்துக்கு மட்டும் மன்னிப்புக் கோருதல் எங்ஙனம்?

மக்களனைவரும் மனந்திருந்தும்வரை பசித்த குழந்தை காத்திருக்க வேண்டுமா என்று சிலர் வினவலாம். வேண்டியதில்லை, சட்டம் அவசியமே. ஆனால், சட்டம் மக்களின் இணக்கத்தில் வேரூன்ற வேண்டும். 1914இல் மக்களின் இணக்கத்தைத் தேடிய கனன், பின்னர் அதிகாரமே போதுமென நம்பினார். சட்டம் இயற்றப்பட்டதும் சீர்திருத்தவாதியின் பணி முடிவதில்லை. மக்களின் மனத்தை வெல்லும் கடமை அதன் பின்னரும் எஞ்சியே நிற்கின்றது.