முடிவு தெரிந்த ஆட்டம்

நெதர்லாந்தின் டோர்ட்ரெக்ட் நகரில் 1618 நவம்பரில் கூடிய திருச்சபைப் பேரவை ஆறு மாதம் வாதாடி ஒரு தீர்ப்பு எழுதியது. யாருக்கு மீட்பு என்பதை உலகம் உண்டாவதற்கு முன்பே கடவுள் முடிவு செய்துவிட்டார். மனிதன் செய்யும் நற்செயல் எதுவும் அந்தப் பட்டியலில் ஒரு பெயரைக்கூடச் சேர்க்காது, அடிக்காது. அதே ஊரில் 2016 அக்டோபரில் ஐரோப்பிய கோர்ஃப்பால் சாம்பியன்ஷிப் நடந்தது. கோப்பை யாருக்கு என்பது அங்கேயும் முதல் பந்து கைமாறும் முன்பே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நெதர்லாந்துக்கு.

தற்செயல்தான். ஆனால் இறையியலில் கொஞ்சம் ருசி உள்ளவர்கள் இப்படி ஒரு தற்செயலைச் சும்மா விட்டுவிட்டுப் போவது கடினம்.

கோர்ஃப்பாலைத் தமிழ்நாட்டில் அதிகம் பேருக்குத் தெரியாது. 1995இல் இதன் உலக சாம்பியன்ஷிப் நம் புதுடில்லியில்தான் நடந்தது என்பதும் தெரிந்திருக்காது. ஆம்ஸ்டர்டாமில் பள்ளி ஆசிரியராக இருந்த நிக்கோ புரூக்ஹவுசன், 1902இல் சுவீடனின் நேஸ் என்ற ஊருக்கு ஒரு பயிற்சிக்காகப் போனார். அங்கே பார்த்த வளையப்பந்து விளையாட்டைத் தன் மாணவர்களுக்கு ஏற்றபடி மாற்றி அமைத்தார். ஓர் அணியில் எட்டுப் பேர்: நான்கு ஆண்கள், நான்கு பெண்கள். மூன்றரை மீட்டர் உயரக் கம்பத்தில் ஒரு கூடை. கூடைப்பந்தில் இருப்பது போன்ற பலகை கிடையாது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. சகாவுக்குத்தான் வீச வேண்டும். தடுப்பவர் நேர் எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் நின்று மறித்தால் கூடைக்கு எறியவே கூடாது. ஆணை ஆண்தான் மறிக்கலாம், பெண்ணைப் பெண்தான் மறிக்கலாம். இரண்டு கோல் விழுந்ததும் தாக்கியவர்கள் தடுக்கப் போக வேண்டும், தடுத்தவர்கள் தாக்க வர வேண்டும். ஒரே ஒரு நட்சத்திர ஆட்டக்காரரின் தோளில் ஏறி ஓர் அணி வென்றுவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்த விதிகள் இவை.

இத்தனை சமத்துவம் பார்த்த ஆட்டத்தில், வெற்றி மட்டும் ஒரே வீட்டில் குடியிருக்கிறது. 1978இல் தொடங்கி 2023 வரை 12 உலக சாம்பியன்ஷிப்புகள். 11இல் நெதர்லாந்து முதலிடம். மீதி ஒன்று, 1991இல் ஆன்ட்வெர்ப்பில், பெல்ஜியத்துக்கு. 2019 வரை இரண்டாம் இடத்துக்கும் வெளியாள் வரவில்லை; முதல் இரண்டு இடங்களும் எப்போதும் இந்த இரு நாடுகளுக்குள்ளேயே. அதாவது, 41 ஆண்டுகளில் பெல்ஜியம் பத்து முறை உலகின் இரண்டாவது அணி. பரப்பில் தமிழ்நாட்டின் கால் பங்குகூட இல்லாத நாடு அது. அதை அடித்துப் போடும் 'பேரரசும்' தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது என்பது இந்த விளையாட்டின் தனி வேடிக்கை.

1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் நெதர்லாந்துக்காரர்கள் வந்து செய்துகாட்டிய ஆட்டம் இது. அடுத்த ஆண்டே பெல்ஜியத்தில் அதற்கொரு சங்கம் எழுந்துவிட்டது. நூறு ஆண்டுகளாக அண்டை வீட்டுக்காரனிடம் கற்ற வித்தையை அவனிடமே காட்டித் தோற்கிறார்கள். எதற்காக?

இந்தக் கேள்வி டோர்ட்ரெக்டுக்கு முன்பே அந்த மண்ணில் எழுந்ததுதான். லைடன் பல்கலைக்கழகத்தில் இரண்டு பேராசிரியர்கள் மோதிக்கொண்டார்கள். அருள் என்பது முழுக்கக் கடவுளின் தேர்வு என்றார் கொமாருஸ். அருள் முந்தி வருகிறது, ஆனால் மனிதன் அதை ஏற்கவோ மறுக்கவோ முடியும் என்றார் ஆர்மீனியஸ். பூனை தன் குட்டியைக் கவ்விக்கொண்டு போகிறதா, குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்கிறதா என்று வைணவத்தின் தென்கலையும் வடகலையும் வாதிட்டதை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு வித்தியாசம் உண்டு. பூனை சில குட்டிகளை வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போகும் என நம் ஆசாரியர்கள் சொல்லவில்லை. கொமாருஸின் கடவுள் விட்டுவிடுகிறார். அந்தக் கொமாருஸ் பிறந்தது இன்றைய பெல்ஜியத்தின் புரூஜ் நகரில். மனித முயற்சிக்கு இடம் கேட்ட ஆர்மீனியஸ் பிறந்தது நெதர்லாந்தில். கோர்ஃப்பால் அட்டவணையைப் பார்த்தால் இருவரும் ஊர் மாறிப் பிறந்துவிட்டார்களோ என்று தோன்றும்.

ஆர்மீனியஸ் 1609இலேயே இறந்துவிட்டார். பேரவை அவருடைய சீடர்களைத் தண்டித்தது. எல்லாம் முடிவானது என்றால் நல்லது செய்வானேன் என்ற சாமானியனின் கேள்விக்கு வென்றவர்களும் விடை சொல்லியாக வேண்டுமே? விடை ஏற்கெனவே கையில் இருந்தது. 1563இல் வெளியான ஹைடல்பர்க் வினாவிடை நூலின் 86ஆவது கேள்வியே அதுதான். நம் தகுதி எதுவும் இல்லாமல் கடவுள் காப்பாற்றிவிட்டார் என்றால் நற்செயல் எதற்கு? நன்றிக்காக என்கிறது நூல். கூலி வாங்குவதற்காக அல்ல, கிடைத்துவிட்டதற்காக. அழகான விடை. ஆனால் பட்டியலில் பெயர் இருப்பவனுக்கு மட்டுமே பொருந்தும். பத்து முறை வெள்ளி வாங்கியவனிடம் நன்றியோடு ஆடு என்று சொல்வது கேலியாகத்தான் முடியும்.

இன்னும் பழைய ஒரு விடை கிரேக்கத்திலிருந்து வருகிறது. ஸ்டோயிக் தத்துவவாதியான கிரிசிப்பஸை எதிரிகள் ஒரு தர்க்கத்தால் மடக்கப் பார்த்தார்கள். நோய் குணமாகும் என்பது விதியானால் வைத்தியரை அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் குணமாகும். ஆகவே அழைக்க வேண்டியதில்லை. சோம்பல் வாதம் என்று இதற்குப் பெயர். கிரிசிப்பஸ் சொன்ன மறுப்பை ரோமானிய எழுத்தாளர் சிசெரோ விதியைப் பற்றிய தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். வைத்தியரை அழைப்பதும் விதியின் பகுதிதான். ஒன்றைப் பிரித்து மற்றதை வைத்துக்கொள்ள முடியாது என்பது மறுப்பின் சாரம். அதற்கு அவர் தந்த உதாரணம் ஒரு விளையாட்டு வீரர். ஒலிம்பியாவில் மைலோ மல்யுத்தம் செய்வார் என்பது விதி என்று வையுங்கள். அப்படியானால் எதிராளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் மல்யுத்தம் செய்வார் என்று யாராவது சொன்னால் அது அபத்தம். எதிராளி இல்லாமல் மல்யுத்தமே இல்லை.

பெல்ஜிய அணியின் வழக்கு இங்கேதான் திறக்கிறது. கிரிசிப்பஸ் பேசியது எதிரே ஒருவர் நிற்க வேண்டும் என்பது வரைக்கும்தான். அதை இன்னும் கொஞ்சம் நீட்டலாம். எதிரே நிற்பவர் வெறுமனே நின்றால் போதாது. தோற்கடிக்க முயல வேண்டும். பெல்ஜியம் விட்டுக்கொடுத்து ஆடினால் நெதர்லாந்துக்குக் கிடைப்பது வெற்றி ஆகாது, பந்து பயிற்சி ஆகிவிடும். பெல்ஜியத்தின் முழு மூச்சு அந்தத் தங்கத்தின் உட்பொருளிலேயே கலந்திருக்கிறது. தங்கம் முன்கூட்டியே எழுதப்பட்டது என்றால் அந்த மூச்சும் அதே வரியில் எழுதப்பட்டதுதான்.

இது தோற்றவனைத் தட்டிக்கொடுக்கும் பேச்சு இல்லையா என்று கேட்கலாம். அப்படி ஆகிவிடும் ஆபத்து உண்டு. 'நீ தோற்பதால்தான் அவன் வெல்கிறான், மகிழ்ச்சியாக இரு' என்பது எஜமானர்களுக்கு வசதியான தத்துவம். அதனால்தான் விதியையும் காரணத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. நெதர்லாந்தின் ஆதிக்கத்தை எந்தப் பேரவையும் தீர்மானிக்கவில்லை. அங்கே சிறுவர் சிறுமியர் கழகங்களில் சேர்ந்து சின்ன வயதிலிருந்தே ஆடுகிறார்கள். உள்நாட்டு லீக் இறுதிப்போட்டியை ராட்டர்டாமின் அஹோய் அரங்கில் ஆயிரக்கணக்கானோர் கூடிப் பார்க்கிறார்கள். பெல்ஜியத்தில் இந்த ஆட்டம் ஆன்ட்வெர்ப்பையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் தாண்டி அதிகம் பரவவில்லை. இவை காரணங்கள். காரணம் மாறினால் விளைவு மாறும். கடவுளின் முன்குறிப்பு அப்படி மாறாது. முன்பே விலைபேசி முடித்த ஆட்டத்தைக் கண்டு நாம் முகம் சுளிப்பதும் இதனால்தான். அதில் ஆடுபவரின் முயற்சிக்கும் முடிவுக்கும் தொடர்பு அறுந்துபோகிறது. பெல்ஜியத்தின் தோல்வியில் அந்தத் தொடர்பு ஒருபோதும் அறவில்லை. எறிந்த பந்து கூடைக்குள் விழாததால் தோற்றார்கள்.

இன்னொன்று. சமூகவியலாளர் மாக்ஸ் வேபர், டோர்ட்ரெக்ட் தீர்ப்பை நம்பிய கால்வினியர்களைப் பற்றி 1904, 1905இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரைகளில், தேர்ந்தெடுக்கப்பட்டவனாக இருப்பதன் பதற்றத்தைப் பேசுகிறார். தன் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று உறுதியாகத் தெரியாததால் அவன் ஓயாமல் உழைக்கிறான். கோர்ஃப்பாலிலும் நிம்மதி இல்லாதவர் நெதர்லாந்துக்காரர்தான். அவர் வென்றால் யாரும் வியப்பதில்லை. தோற்றால் அது வரலாறாகிவிடும். 1991 அப்படித்தான் ஆனது. பெல்ஜியத்தில் அந்த ஆண்டை யாரும் மறக்கப் போவதில்லை. ஆனால் 'இன்னொரு 1991 வரும்' என்பதை மட்டுமே நம்பி ஆடச் சொன்னால், பத்தாவது, பதினைந்தாவது இடத்துக்கு ஆடும் நாடுகளுக்கு ஆடக் காரணமே இருக்காது. அவர்களும்தான் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பெட்டியைக் கட்டிக்கொண்டு வருகிறார்கள்.

பெல்ஜியத்துக்கு இரண்டாம் இடம் எழுதிவைத்தது என்று நினைத்தவர்கள் 2023இல் தைபேயில் ஏமாந்தார்கள். சீன தைபே என்ற பெயரில் ஆடும் தைவான் அணி இறுதிக்குப் போய் நெதர்லாந்திடம் தோற்றது. உலக சாம்பியன்ஷிப்பில் முதல்முறையாக முதல் இரண்டு இடங்களுக்கு வெளியே தள்ளப்பட்ட பெல்ஜியம் மூன்றாம் இடத்தைப் பிடித்தது.