பேச்சில் இடமில்லாதவர்கள்

கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் காலை டீக்கடைப் பேச்சுக்கு இப்போது ‘இந்திக்காரப் பசங்க’ என்று ஒரு நிரந்தரத் தலைப்பு இருக்கிறது. கோழிப்பண்ணையில் முட்டை எடுத்துத் தட்டில் அடுக்குபவன், கட்டடத்தில் கம்பி கட்டுபவன், புரோட்டாக் கடையில் மாவு பிசைபவன் எல்லாருக்கும் அந்த ஒரே பெயர்தான். ஒடிசாக்காரனுக்கு இந்தி தாய்மொழி இல்லை என்பதெல்லாம் அங்கே எடுபடாது. பேசுகிறவர்கள் கெட்டவர்களும் இல்லை. “நல்லா வேலை செய்யறானுங்க” என்பார்கள். அதே மூச்சில் “ஆனா நம்ப முடியாதுங்க” என்பார்கள். பேசப்படுகிறவன் நாலடி தள்ளி நின்று டீ குடித்துக்கொண்டிருப்பான்.

2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. எங்கோ, எதற்கோ நடந்த சண்டைகளை எடுத்து ஒட்டியவை அவை. பீகார் சட்டமன்றத்தில் அமளி. ஊரிலிருந்து அம்மாக்கள் போன் செய்து “வந்துவிடு” என்றார்கள். ஹோலியும் நெருங்கியிருந்தது, பையன்கள் ரயில் ஏறினார்கள். ரயிலில் கூட்டம் ஏறியதே வதந்திக்குச் சாட்சியாகிவிட்டது.

இந்தச் சுழலை ஆய்வாளர்கள் முன்பே பார்த்திருக்கிறார்கள். 1951இல் ஜமைக்காவிலிருந்து இங்கிலாந்துக்குப் போன ஸ்டூவர்ட் ஹால், 1978இல் சகாக்களோடு எழுதிய நூல் அப்படி ஒன்றைக் காட்டுகிறது. தெருவில் மடக்கிப் பறிப்பது அங்கே பழைய குற்றம். 1972இல் பத்திரிகைகள் அதற்குப் புதுப் பெயர் சூட்டின. பழி மெல்ல மெல்லக் கறுப்பினக் குடியேறிகளின் பிள்ளைகள் மேல் வந்து படிந்தது. போலீசும் நீதிபதியும் சொன்னதைப் பத்திரிகை மக்கள் மொழியில் எழுதும். அதையே ‘மக்கள் கருத்து’ என்று காட்டி நீதிபதி தண்டனையைக் கூட்டுவார். அந்தப் பேச்சை யார் தொடங்கினார் என்று கேட்டால் ஆளே அகப்படமாட்டார்.

பீகார் வதந்தியைத் தமிழ்நாட்டுப் போலீஸ் உடனே மறுத்தது. டி.ஜி.பி. சைலேந்திரபாபு வீடியோவில் பேசினார். பரப்பியவர்கள் மேல் வழக்குப் பாய்ந்தது. பீகார் அதிகாரிகள் குழு வந்து பார்த்துப் போனது. நம் பெயர் காப்பாற்றப்பட்டது. ஆனால் அதே மார்ச்சில் நம் நாமக்கல் மாவட்டத்தின் மறுகோடியில், காவிரிக்கரை ஜேடர்பாளையத்துப் பக்கம், ஆடு மேய்க்கப் போன பெண் கொலை செய்யப்பட்டார். 17 வயதுச் சிறுவன் ஒருவன் கைதானான். பேச்சு அதோடு நிற்கவில்லை. வெல்ல ஆலைக் கொட்டகைகளில் தங்கியிருந்த வெளிமாநிலத்தார் எல்லார் மேலும் திரும்பியது. மே மாதம் ஓர் இரவு, தொழிலாளர்கள் படுத்திருந்த இடத்துக்குத் தீ வைக்கப்பட்டது. ஒடிசாக்காரர்கள் நான்கு பேர் வெந்தார்கள்; ஒருவர் இறந்தார்.

வீடியோவை மறுக்கப் போலீஸ் இருந்தது. டீக்கடைப் பேச்சை மறுக்க யார் இருந்தார்கள்? சம்பந்தப்பட்டவனுக்கோ தமிழ் தெரியாது. அவனுக்கு வாடகைக்கு இடம் கிடைக்குமா, சம்பள பாக்கி கேட்டால் ஊர் அவன் பக்கம் நிற்குமா, ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாமா என்பதெல்லாம், அவனுக்குப் புரியாத, அவன் பதில் சொல்ல முடியாத ஒரு பேச்சில் முடிவாகிறது. பிழைக்கப் போன இடத்தில் ஒருவன் முதலில் இழப்பது இதைத்தான்: தன்னைப் பற்றித் தானே சொல்லும் உரிமையை.

இது நமக்குப் புரியாததல்ல. நாமக்கல் லாரிகளும் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிகளும் போகாத மாநிலம் உண்டா? 2016 செப்டம்பர் 12 அன்று, காவிரிச் சண்டையில், பெங்களூரில் சேலத்துக் கம்பெனியின் பஸ்கள் நாற்பதுக்கு மேல் எரிந்தன. டி.என். நம்பர் பிளேட்டே அன்று குற்றமாக இருந்தது. காவிரியில் எத்தனை டி.எம்.சி. விடுவது என்று அந்த டிரைவர்களைக் கேட்டா திறந்துவிட்டார்கள்?

ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊரில் திருட்டு நடந்து, கடையில் ஒருவர் “இவனுங்கதான்” என்று ஆரம்பித்தால், “யாருங்க? பேரென்ன?” என்று கேளுங்கள். பேர் தெரியவில்லை என்றால், பேச்சை அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள்.