அறியேன் என்னும் விடை

விடை தெரியாத வினாவிற்கு விடை கூறுதல் குற்றம் என்பதை எவரும் ஒப்புவர். ஆனால், துன்புற்று வந்து கேட்பவரிடம் ‘தெரியாது’ என்று சொல்லிவிட்டு வாளா இருத்தல் குற்றமாகாதோ? இதனைச் சொல்லளவில் ஆராய்வதினும், மெய்யாக நிகழ்ந்த ஒன்றை முன்வைத்து ஆராய்தல் நலமெனக் கருதுகிறோம்.

1991-இல் சோமாலிய நாட்டின் அரசு வீழ்ந்து உள்நாட்டுப் போர் மூண்டது. ஊரையும் உறவையும் இழந்த மக்களிற் பலர் கென்ய நாட்டு அகதி முகாம்களிலே ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடந்து, பின்னர் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தை அடைந்தனர். வெயிலிலே பிறந்து வளர்ந்தவர்கள், திங்கட்கணக்கில் பனி மூடிக்கிடக்கும் மினியாபொலிஸ் நகரிலே குடியமர்ந்தனர். அங்கே பிறந்த அவர்தம் குழந்தைகளிற் சிலர் மழலை பேசும் பருவத்தில் பேசவில்லை. பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பிப் பார்க்கவில்லை. மருத்துவர் இதனை ஆட்டிசம் என்றனர். சோமாலி மொழியில் இதற்கென ஒரு சொல் இருந்ததில்லை. (தமிழில் மட்டும் இருந்ததோ? மனஇறுக்கம் என்று எழுதுகின்றோம். அக்குழந்தையின் மனம் இறுகிக் கிடப்பதை யார் கண்டு வந்து சொன்னார்?) தாய்நாட்டிலே கேட்டறியாத ஒன்று இங்கே அடுத்தடுத்த வீடுகளில் தோன்றுவது ஏன் என்று தாய்மார் கேட்கலாயினர்.

வினாவை எழுப்பியவர்கள் தாய்மார் என்பதை மறத்தலாகாது. அவர்கள் கண்டது மனமயக்கமும் அன்று. மாநிலச் சுகாதாரத் துறை 2009-இல் வெளியிட்ட அறிக்கை, மினியாபொலிஸ் பள்ளிகளின் ஆட்டிசச் சிறப்புத் திட்டத்தில் சேர்ந்திருந்த சோமாலியச் சிறு குழந்தைகளின் விகிதம் ஏனையோரினும் மிகுதி என்று ஒப்பியது. ஸ்வீடன் நாட்டு ஸ்டாக்ஹோமில் நிகழ்ந்த ஆய்வொன்றும், சோமாலியப் பிள்ளைகளிடையே கற்றல் திறன் குன்றிய ஆட்டிசம் மற்றவரினும் மூன்று நான்கு மடங்கு காணப்படுவதாக 2008-இல் தெரிவித்தது. ஆயினும் திட்டத்தில் சேர்ந்தோரை எண்ணுவது வேறு, ஆட்டிசம் உடையோர் அனைவரையும் எண்ணுவது வேறு. காரணம் யாதென்பதற்கு அவ்வறிக்கையில் விடையில்லை.

மின்னசோட்டாப் பல்கலைக்கழகம் 2013-இல் முன்னிலும் விரிவான கணக்கொன்றை வெளியிட்டது. 2010-ஆம் ஆண்டில் 7 முதல் 9 வயது வரையிலான பிள்ளைகளை எடுத்துக்கொண்டு பார்த்ததில், சோமாலியரில் 32 பேருக்கு ஒருவரும், வெள்ளையரில் 36 பேருக்கு ஒருவரும் ஆட்டிசம் உடையோராகக் காணப்பட்டனர். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று. சோமாலியர் அல்லாத கறுப்பினத்தாரில் 62 பேருக்கு ஒருவர். ஹிஸ்பானிய மக்களில் 80 பேருக்கு ஒருவர்.

அன்பர்கள் இவ்வெண்களைச் சற்றே நின்று நோக்குதல் வேண்டும். சோமாலியருக்கு ஏன் மிகுதி என்று கேட்டு வந்தவர்கள், ஹிஸ்பானியருக்கு ஏன் குறைவு என்று கேட்டார்களா? அக்குழந்தைகளிடம் ஆட்டிசம் உண்மையிலேயே குறைவோ, அன்றி அவர்களை எவரும் அழைத்துச் சென்று சோதிக்கவில்லையோ? எண்ணப்படாதவர் இல்லாதவர் ஆகிவிடுவதில்லை. மற்றொன்றும் அவ்வாய்விலே வெளிப்பட்டது. அறிவுத்திறன் சோதிக்கப்பட்ட சோமாலிய ஆட்டிசக் குழந்தைகள் அனைவருமே அறிவு வளர்ச்சிக் குறைபாடும் உடையவராயிருந்தனர்; ஏனைய இனத்தாரில் அங்ஙனம் இல்லை. மெல்லிய அளவில் ஆட்டிசம் உடைய சோமாலியக் குழந்தைகள் எவர் கண்ணுக்கும் படாமல் விடுபட்டனரோ, வேறு காரணம் உண்டோ, அதுவும் தீரவில்லை. வெயில் குன்றிய வடநாட்டில் கருநிற மேனியர்க்கு வைட்டமின் டி குறைவதே காரணமாகலாம் என்று ஸ்வீடன் ஆய்வாளர் சிலர் கருதினர், அக்கருத்தும் நிறுவப்படவில்லை.

இந்நிலையில், விடையுடன் வந்தோர் சிலர் உளர். ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்னும் ஆங்கில மருத்துவர், தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றனையும் தடுக்கும் ஊசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்தி, பன்னிரண்டே குழந்தைகளைக் கொண்டு 1998-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். லான்செட் இதழ் 2010-இல் அதனைத் திரும்பப் பெற்றது. அவ்வாண்டே அவர் பெயர் மருத்துவர் பதிவேட்டினின்று நீக்கப்பட்டது. டென்மார்க்கில் ஆறரை இலட்சத்திற்கு மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து நோக்கி 2019-இல் வெளியான ஆய்வும் அத்தொடர்பு இல்லையென்றே கண்டது. எனினும் அவரும் அவர் கருத்தினரும் மினியாபொலிஸ் சென்று சோமாலியப் பெற்றோரைச் சந்தித்தனர். அறிஞர்கள் சொன்னது ‘தெரியாது’. இவர்கள் சொன்னது ‘தெரியும்’. அம்மாநிலத்தில் பிறந்த இரண்டு வயதுச் சோமாலியக் குழந்தைகளில் 2004-இல் நூற்றுக்கு 92 பேர் அவ்வூசி பெற்றிருந்தனர். 2014-இல் அது 42 ஆயிற்று. 2017-இல் தட்டம்மை பரவி, மாநிலத்தில் 75 பேரைப் பற்றியது. அவர்களிற் பெரும்பாலோர் ஊசி பெறாத சோமாலியக் குழந்தைகளே. உயிரிழப்பு நேராதது நல்வாய்ப்பு.

அத்தாய்மார் அறியாமையால் அழிவைத் தேடிக்கொண்டனர் என்று கூறி முடித்துவிடுவது எளிது. நாம் அங்ஙனம் கூறோம். பொய்யான விடை அளித்தல் கல்லாதவரின் தொழிலும் அன்று. 1943-இல் லியோ கானர் இந்நிலையை முதன்முதல் விரித்தெழுதிய பின்னர், தாயின் அன்பின்மையே காரணம் என்று கற்றோரே நெடுங்காலம் கூறிவந்தனர். புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் அக்கருத்தை நூலாகவே எழுதினார். எத்தனை தாய்மார் அதனை நம்பித் தம்மைத் தாமே வெறுத்திருப்பர்! அந்தப் பிழையோடு ஒப்பிடுமிடத்து, ‘அறியோம்’ என்ற மினியாபொலிஸ் அறிக்கை நேர்மையானதே.

ஆயினும் அந்நேர்மை போதாதென்பதே எம் கருத்து. ‘ஊசி காரணமன்று’ என்று சொன்னவுடன், ‘பின் எதுதான் காரணம்?’ என்று தாய் கேட்பாள். அங்கே அட்டவணையை நீட்டிவிட்டு எழுந்து போகிறவன் பொய்யன் அல்லன். ஆனால் அவன் எழுந்த இருக்கையில் வேறொருவன் வந்து அமர்கிறான். தெரியாது என்பதை அவள் மொழியிலே சொல்லி, மறுநாளும் வந்து, குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சி எங்கே கிடைக்கும் என்பதையேனும் காட்டியவன் சொல்லைத்தான் அவள் நம்புவாள். காரணம் தெரியும் வரையில் பயிற்சி காத்திருக்க வேண்டுவதில்லை. பொய் சொன்னவன் பழி பொய் சொன்னவனுக்கே உரியது. எனினும் அவன் புகுதற்கு வாயில் திறந்து கிடந்தது எங்ஙனம் என்பதை மெய் சொன்னவர்களும் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளனர்.

2008-இல் மூன்று வயதாயிருந்து பேசாதிருந்த பிள்ளை இன்று இருபதைக் கடந்துவிட்டான். அவன் தாய் கேட்ட வினா அன்று நின்ற இடத்திலேயே நிற்கின்றது. இப்பொழுது அவள் கேட்பது வேறொன்று: தனக்குப் பின் அவனை யார் பார்த்துக்கொள்வார்?