அவஸ்தைப் பூசுதலும் அன்பின் பொய்யும்

ஏலப்பாறையின் தேயிலைச் சரிவுகளில் மூடுபனி இறங்கிவிட்டால் அடுத்த லயத்தின் விளக்கும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அத்தகைய ஓர் ஆடி மாத இரவில், கொழுந்து கிள்ளியே காலம் கழித்த கத்தோலிக்க மூதாட்டி ஒருவரின் படுக்கையருகே நாமும் அமர்ந்திருக்க நேர்ந்தது. சாமியாரை அழைக்கலாமே என்று மெல்லக் கூறினோம். மூத்த மகன் மறுத்துத் தலையசைத்தான். "அங்கியைக் கண்டாலே ஆத்தா பயந்துடும், சார்" என்றான்.

அவனது அச்சம் காரணமற்றதன்று. நம் கத்தோலிக்க மக்கள் அச்சடங்கைத் தலைமுறைகளாக 'அவஸ்தைப் பூசுதல்' என்றே வழங்கி வந்தனர். பெயரே மரணத்தின் முன்னறிவிப்பாயிற்று. யாக்கோபின் திருமுகமோ நோயுற்றவனைப் பற்றித்தான் பேசுகிறது. சாகின்றவனைப் பற்றி அன்று. நோயாளியின் எண்ணெய் இடைக்காலத்தில் இறப்பவரின் எண்ணெயாகச் சுருங்கிவிட்டது. 'நோயில் பூசுதல்' என்பதே தகுந்த பெயர் என 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூறிற்று. 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் சடங்கையே திருத்தியமைத்தார். அதற்கு முன்னர் கண், காது, மூக்கு, வாய், கை, கால் என ஒவ்வொன்றிலும் பூசி, அதனதன் வழியே செய்த குற்றத்துக்கு மன்னிப்பு வேண்டுவர். இன்று நெற்றியும் கைகளும் மட்டுமே. ஒலிவ எண்ணெய் கிடையாவிடில் வேறு தாவர எண்ணெயும் ஆகும் என்றமையால், நமது தேங்காயெண்ணெய்க்கும் வழி பிறந்தது!

உண்மையில், இறப்பவருக்குரிய இறுதி அருட்சாதனம் எண்ணெய் அன்று, நற்கருணையே. இலத்தீன் மொழியில் அதன் பெயருக்கு வழிப்பயணத்துக்கான உணவு என்று பொருள். நாம் கட்டுச்சோறு என்கிறோமே, அதுதான். நினைவிழந்தவருக்கும் எண்ணெய் பூசலாம். ஆனால் பாவசங்கீர்த்தனத்துக்கு நாவும், அப்பத்தை விழுங்கத் தொண்டையும் வேண்டும். தாமதிக்கும் அன்பு பறித்துக்கொள்வது அந்தக் கட்டுச்சோற்றைத்தான்.

அண்டை வீட்டார் தென்னிந்தியத் திருச்சபையினர். எண்ணெய் பூசுதலை அவர்கள் அருட்சாதனமாகக் கொள்வதில்லை. போதகர் வந்து செபித்துத் திருவிருந்து அளிப்பார். ஆயினும் அவரை அழைப்பதிலும் இதே தயக்கம் உண்டு.

இறக்கின்றவரிடம் மரணத்தை மறைப்பது கருணையா? கருணைதான் என்பார், அவர் கடைசி நாள்களேனும் கலங்காதிருக்கட்டும் என்பர். அந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட நம்மால் இயலவில்லை. அறிய விரும்பாத உள்ளங்களும் உண்டு. அவற்றின் மீது உண்மையைச் சுமத்துவது கொடுமையே. எனினும் கேட்காமலே முடிவுசெய்வது வேறு. மன்னிப்புக் கேட்பதும், கடனைச் சொல்வதும், விடைபெறுவதும் அவருக்குரிய செயல்கள். பிள்ளைகள் பதிலுக்குச் செய்ய முடியாதவை. பல வேளைகளில் மறைப்பவர் காப்பது தம் அச்சத்தையே.

பின்னர் மருமகள் நம்மிடம் கூறினாள்: மூன்று நாள் முன்னரே கிழவி அவளைத் தனியே அழைத்து, சாமியாருக்கு ஆள் அனுப்பியாயிற்றா என்று கேட்டாராம். மகன்களிடம் சொல்லாதே, பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்றும் சொன்னாராம்.

விடியற்காலையில் சாமியார் வந்தபோது பேச்சு நின்றிருந்தது. கொழுந்துக் கறை படிந்த அந்த விரல்களை விரித்து எண்ணெய் பூசினார். பல்லாண்டுகளாகப் பேசாதிருந்த தங்கை கீழ் லயத்திலிருந்து ஓடிவந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். செபம் முடிந்தபின் உள்ளே வந்து, எண்ணெய் காயாத அக்கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.