வராதவரைத் தேடிப் போங்கள்

உங்கள் இதழுக்கு வந்து, இன்னும் படிக்கப்படாமல் கிடக்கும் படைப்புகளுக்கு இந்த வாரமே பதில் எழுதுங்கள். அடுத்த இதழின் அட்டையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், புத்தகக் காட்சிக்கு வரும் சிறப்புப் பக்கங்களும் காத்திருக்கட்டும். ஆறு மாதமாகப் பதில் வராத ஒருவர் எங்கோ உட்கார்ந்து, தனக்கு எழுத வரவில்லை என்று முடிவுகட்டிக்கொண்டிருக்கிறார். நகரத்தில் இருக்கும் பேராசிரியருக்கு உங்கள் மௌனத்தால் ஒன்றும் குறைந்துவிடாது. அவருக்கு இன்னும் நான்கு ஆசிரியர்களின் கைபேசி எண் தெரியும். கூடலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து முதல் கதையை அனுப்பிய பெண்ணுக்கு உங்களைத் தவிர வேறு முகவரி தெரியாது. வேண்டாம் என்பதாக இருந்தாலும் அவருக்கு இரண்டு வரி எழுதுங்கள். கதையை முழுதாகப் படித்தீர்கள் என்பது அந்த இரண்டு வரியில் தெரியட்டும்.

“யார் எழுதினாலும் நன்றாக இருந்தால் போடுவோம், எங்களுக்குச் சாதி, ஊர், பால் பேதம் கிடையாது” என்று சிற்றிதழ் நடத்துகிறவர்கள் பலரும் சொல்கிறார்கள். மனமறிந்து பொய் சொல்கிறவர்கள் அல்லர் இவர்கள். ஆனால் அந்தச் சொல் போதாது. படைப்புகள் வேண்டும் என்ற அறிவிப்பு நண்பர்கள் வழியாக நண்பர்களுக்குத்தான் போகிறது. வருகிற பத்துக் கதைகளில் எட்டு ஒரே வட்டத்திலிருந்து வருகின்றன. அவற்றில் சிறந்ததைத் தேர்ந்தெடுத்துவிட்டு, தகுதி பார்த்துத்தான் போட்டோம் என்று நிம்மதி கொள்கிறோம். வராதவர்களின் தகுதியை யார் பார்த்தது? கதவைத் திறந்து வைத்தாலே ஆசிரியரின் கடமை முடிந்துவிடாது. அவர் எழுந்து தெருவுக்கு வர வேண்டும்.

வந்து காட்டியவர் ஒருவர் இருக்கிறார். யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா. சாதியின் பெயரால் பட்ட அவமானத்தில் பள்ளிப் படிப்பை இளம் வயதிலேயே விட்டவர், சலூனில் முடிதிருத்தி வாழ்ந்தவர். 1966 ஆகஸ்டில் ‘மல்லிகை’ என்ற இதழைத் தொடங்கினார். பெரிய முதலாளி யாரும் பின்னால் இல்லை. இதழைத் தானே சுமந்துபோய்க் கையில் கொடுத்து விற்றார். போர் வந்தது, இடம்பெயர்வு வந்தது, இதழ் கொழும்புக்குப் போனது. அத்தனைக்கும் நடுவில் 400 இதழ்களை எட்டியது. இவ்வளவு காலம் நடத்தியதே பெரிய காரியம். அதைவிடப் பெரியது அதை யாருக்காக நடத்தினார் என்பது. யாழ்ப்பாணத்து இதழ் என்றால் யாழ்ப்பாணத்துப் படித்தவர்கள் எழுதுவது என்ற வழக்கத்தை அவர் ஏற்கவில்லை. மலையகத்தார் எழுதினார்கள். தென்கோடியில், சிங்களவர் பெரும்பான்மையாக வாழும் மாத்தறை மாவட்டத்துத் திக்குவல்லையிலிருந்து முஸ்லிம் எழுத்தாளர்கள் எழுதினார்கள். சிங்களப் படைப்புகள் தமிழாகி வந்தன. அட்டையில், உயிரோடு இருக்கும் எழுத்தாளர்களின், கலைஞர்களின் முகத்தைப் போட்டார். செத்த பிறகு மலர் வெளியிடும் நம் தமிழ்ச் சூழலில் அது எவ்வளவு பெரிய மரியாதை என்பதை, அப்படி அட்டையில் வந்த ஓர் எழுத்தாளரின் வீட்டார்தான் சொல்ல வேண்டும்.

இப்போது நம் சிறப்பிதழ்களைப் பாருங்கள். மார்ச் மாதம் பெண்கள் சிறப்பிதழ், ஏப்ரலில் தலித் சிறப்பிதழ், எப்போதாவது ஒரு திருநர் சிறப்பிதழ். போடுங்கள், தவறில்லை. ஆனால் மே மாத இதழைப் புரட்டினால் பழைய பெயர்களே திரும்ப வரிசையில் நிற்கின்றன. ஒரு மாதம் அழைத்து விருந்து வைத்துப் பதினோரு மாதம் வாசலில் நிறுத்துவதற்கு ஆதரவு என்று பெயர் கிடையாது. தலித் எழுத்தாளரிடம் எப்போதும் சாதியைப் பற்றியே கட்டுரை கேட்காதீர்கள். அவருக்கு ரஷ்ய நாவல்களைப் பற்றிச் சொல்ல இருக்கும். மொழிபெயர்ப்பைப் பற்றி, சினிமாவைப் பற்றி, பறவைகளைப் பற்றிச் சொல்ல இருக்கும். கேளுங்கள். மதிப்புரைக்குப் புத்தகம் அனுப்பும்போது பெண் எழுதியதைப் பெண்ணுக்கும் முஸ்லிம் எழுதியதை முஸ்லிமுக்கும் என்று பங்கு பிரிப்பதையும் நிறுத்துங்கள். இதைவிட முக்கியமானது, ஆசிரியர் குழு. படைப்பை ஏற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் இடத்தில் இந்த எழுத்தாளர்கள் இல்லாதவரை, நீங்கள் தருவதெல்லாம் தயவுதான்.

மொழியில் கைவைக்கும்போது இரண்டு மடங்கு கவனம் வேண்டும். இங்கேதான் நல்ல ஆசிரியர்களும் தெரியாமல் அநியாயம் செய்கிறார்கள். மெய்ப்புப் பார்க்கிறோம் என்ற பெயரில் ஒருவருடைய ஊரையே அழித்துவிடுகிறோம். பாமாவின் ‘கருக்கு’ 1992-இல் வந்தபோது, பேச்சுத் தமிழில் இப்படியா எழுதுவது என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். அந்தப் பேச்சை ‘திருத்தி’ அச்சிட்டிருந்தால் நமக்கு அந்தப் புத்தகமே கிடைத்திருக்காது. மலையாள வழியில் படித்த தோப்பில் முஹம்மது மீரான், தேங்காய்ப்பட்டணத்துத் தமிழில் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யை எழுதினார். அரபும் மலையாளமும் கலந்த அந்தக் கடற்கரைப் பேச்சைப் பொதுத் தமிழுக்கு மாற்றியிருந்தால் அந்த ஊரின் முதலாளியும் அந்தப் பள்ளிவாசலும் எங்கே நின்றிருப்பார்கள்? கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துக்கென்று தனியே ஒரு சொல்லகராதியே தொகுத்தார். அவர் காட்டிய வழி நமக்கு இருக்கிறது. தெரியாத சொல் வந்தால் அடிக்காதீர்கள். எழுதியவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். எழுத்துப் பிழையைத் திருத்துங்கள், ஒற்று விட்டுப்போனால் போடுங்கள். அதற்கு மேல் ஒரு சொல்லை மாற்றினாலும் அச்சுக்குப் போகும் முன் பிரதியை அவருக்கு அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். இதழ் தாமதமானால் ஆகட்டும்.

வெளியிட்ட பிறகும் பொறுப்பு தீர்வதில்லை. 2000-களின் தொடக்கத்தில் குட்டி ரேவதி, சல்மா, மாலதி மைத்ரி, சுகிர்தராணி போன்ற கவிஞர்கள் உடலைப் பற்றி எழுதியபோது அவர்கள் மேல் கொட்டப்பட்ட வசையை நாம் மறக்கக் கூடாது. அப்படி ஒரு கவிதையை வாங்கி அச்சிட்டுப் பேரெடுக்கும் ஆசிரியர், தாக்குதல் வரும்போது “கருத்து எழுத்தாளருடையது” என்ற ஒற்றை வரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது கோழைத்தனம். துணிந்து எழுதியவர் தனியாக நிற்கிறார். முதல் குரல் உங்களுடையதாக இருக்க வேண்டும். உங்கள் பெயரில், உங்கள் இதழில், அதே வாரத்தில் எழுதுங்கள். அவருடைய வீட்டில் என்ன நடக்கிறது, வேலை பார்க்கும் இடத்தில் தொந்தரவு உண்டா என்று போன் செய்து கேளுங்கள். புனைபெயரில் எழுத விரும்பினால் அந்தப் பெயரை உயிர்போல் காப்பாற்றுங்கள்.

பணத்தைப் பற்றி நாம் பேசக் கூச்சப்படுகிறோம். ‘எழுத்து’ இதழை நடத்திய சி.சு. செல்லப்பா பையைத் தோளில் போட்டுக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய்ப் புத்தகம் விற்றதை நாமெல்லாம் பெருமையோடு சொல்கிறோம். பெருமைதான். ஆனால் அது அவர் தன் தோளில் சுமந்த சுமை. நீங்கள் நடத்தும் இதழுக்கான தியாகத்தைத் தினக்கூலி வாங்கும் எழுத்தாளர் செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அச்சகத்துக்குக் கொடுக்கிறோம், தாளுக்குக் கொடுக்கிறோம், தபாலுக்குக் கொடுக்கிறோம். எழுதியவருக்கு மட்டும் நன்றி சொல்கிறோம். சிறிய தொகையானாலும் சன்மானம் கொடுங்கள். முடியவே முடியாது என்றால் படைப்பு கேட்கும்போதே அதைச் சொல்லுங்கள். இதழின் பிரதி இரண்டையாவது கேட்காமலே அவர் வீட்டுக்கு அனுப்புங்கள். தன் கதை வந்த இதழைக் காசு கொடுத்து வாங்க வேண்டிய நிலை எவருக்கும் வரக் கூடாது.

நன்கொடை தருகிறவர் கூடவே ஒரு பட்டியலும் தருவார், இன்னாரைப் போடுங்கள், இன்னாரை வேண்டாம் என்று. அந்தப் பணத்தை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பக்கங்களைக் குறையுங்கள், வண்ண அட்டையை விடுங்கள், மாத இதழைக் காலாண்டிதழாக்குங்கள். அறுபத்து நான்கு பக்கத்தை முப்பத்திரண்டாக்கியதற்காக எந்த வாசகரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்.

ஒருநாள் இதழ் நிற்கும். ‘எழுத்து’ 1959-இல் தொடங்கி 1970-இல் நின்றது. நிற்பதில் வெட்கம் இல்லை. ஆண்டுச் சந்தா கட்டியவருக்கு ஒரு கடிதம்கூட எழுதாமல், ஏற்றுக்கொண்ட படைப்புகளைத் திருப்பித் தராமல் காணாமல் போவதுதான் வெட்கம். மீதிச் சந்தாவைத் திருப்புங்கள். கையில் இருக்கும் படைப்புகளை, வேறு இதழுக்கு அனுப்பிக்கொள்ளலாம் என்ற ஒரு வரியோடு உரியவர்களுக்கு அனுப்புங்கள். இதழை ஆவணப்படுத்த, அது நிற்கும் நாள்வரை காத்திருக்காதீர்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. மல்லிகை இதழ்களை இன்று உலகின் எந்த மூலையிலிருந்தும் படிக்க முடிவதற்குக் காரணமான ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம் இருக்கிறது. உங்கள் இதழில் ஒரே ஒரு கதை எழுதி, பிறகு எங்கேயும் எழுதாமல் போனவர்கள் உண்டு. அந்தக் கதை வேறெங்கும் இல்லை. பழைய இதழ்கள் முழுவதையும் வரிசையாக அடுக்கி, விட்டுப்போன எண்களைச் சந்தாதாரர்களிடம் கேட்டு வாங்கி, இந்த ஆண்டு முடிவதற்குள் ஒரு முழுத் தொகுதியை இப்படி ஒரு நூலகத்தில் சேர்த்துவிடுங்கள்.