உள்ளே ஏழு பேர்

பொங்கலுக்கு வந்திருந்த அண்ணன், பொங்கல் ராத்திரி திண்ணையில் உட்கார்ந்துகொண்டு தன் போனை என் பக்கம் திருப்பினான். மஹிந்திரா எக்ஸ்இவி 9எஸ். ஏழு பேர் உட்காரும் மின்சார எஸ்யூவி. 2025 நவம்பரில் வெளியிட்டார்கள். ஆரம்ப விலையே 19.95 லட்சம்.

"புக் பண்ணலாம்னு இருக்கேன். தவணையில பாதி நீ போட்டுக்கிறியாடா?"

எண்ணிப் பார்த்தேன். அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, பிள்ளைகள் ரெண்டு, நான். சரியாக ஏழு. அவன் அதை முன்பே எண்ணியிருப்பான்.

"சித்தப்பா செத்ததுலேர்ந்து இந்த ரோட்ட நெனச்சாலே பயமா இருக்கு. அஞ்சு ஸ்டார் இல்லாத வண்டியில பிள்ளைங்கள ஏத்த மாட்டேன்."

எங்கள் ஊர் சிறுவாச்சூருக்குப் பக்கத்தில், சென்னை–திருச்சி நான்குவழிச் சாலையை ஒட்டி இருக்கிறது. வீடு ஒரு பக்கம், காடு மறுபக்கம். (எங்கள் பக்கம் காடு என்றால் மரங்கள் இருக்கும் காடு இல்லை, மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் போடுகிற மானாவாரி நிலம்.) சாலை வந்த பிறகு காட்டுக்குப் போவது என்றால் சாலையைக் கடப்பது என்று ஆகிவிட்டது. 2019-ல் ஒரு சாயங்காலம் சித்தப்பா டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஒரு கட்டு சோளத்தட்டையோடு தடுப்புச்சுவர் இடைவெளியில் கடந்தபோது ஒரு பெரிய கார் அடித்தது. காரில் இருந்த ஐந்து பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஓட்டி வந்த பையனுக்கு என் வயதுதான் இருக்கும். சாலையோரம் உட்கார்ந்து உடம்பெல்லாம் நடுங்க, "அவரே குறுக்க வந்துட்டாருங்க, அவரே வந்துட்டாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் பொய் சொன்னதாக நான் இன்றுவரை நினைக்கவில்லை.

அண்ணன் போனைக் காட்டிய ராத்திரி எனக்கு உறுத்தியது இதுதான்: சித்தப்பா செத்தது காருக்கு வெளியே. அந்தச் சாவிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்டது காருக்கு உள்ளே எப்படிச் சாகாமல் இருப்பது என்பதை. இந்தத் தாவல் எப்படி நடந்தது? அதில் தப்பு இருக்கிறதா?

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நிஜமாகவே நல்ல வண்டி. இதன் பொறியியல் பெரும்பகுதி செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் மஹிந்திரா சிட்டியில் இருக்கும் ஆய்வு மையத்தில் நடந்தது. அதாவது எங்கள் ஊரைத் தாண்டிப் போகிற அதே சாலையில், நாலு மணி நேரம் வடக்கே. எஞ்சின், புகைக்குழாய், டீசல் டேங்க் எதுவும் கிடையாது. தரையே பேட்டரி. மோட்டார் பின் அச்சில். எடையெல்லாம் கீழே இருப்பதால் வளைவில் வண்டி சாயாது. தரை சமமாக இருப்பதால் மூன்றாவது வரிசையிலும் ஆட்கள் காலை நீட்டி உட்காரலாம். பெரிய பேட்டரி 79 கிலோவாட்-மணி. இந்த இரும்பு-பாஸ்பேட் வகைப் பேட்டரியில் கிலோவுக்கு 150 வாட்-மணி என்று வைத்துக்கொண்டாலும் பேட்டரி மட்டுமே அரை டன் வரும். ஏழு பேரும் மூட்டை முடிச்சும் ஏறினால் மொத்தம் ஏறக்குறைய இரண்டரை டன். (இவ்வளவையும் நாலு டயர்கள்தான் தாங்க வேண்டும். நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். ஆலையை வைத்துக்கொண்டு பெரம்பலூர்க்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) அந்த எடை நூறு கிலோமீட்டர் வேகத்தை ஏழே நொடியில் தொடும், சத்தமே இல்லாமல்.

அடுத்தது அந்த ஸ்டார். 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் நம் நாட்டு வண்டிகளுக்கு நட்சத்திரம் கொடுக்கிறது. இதன் உடன்பிறப்பான எக்ஸ்இவி 9இ ஐந்து வாங்கியது. முன்மோதல் சோதனையில் காரை 64 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நிலையான தடுப்பின் மீது மோதவிட்டு, உள்ளே இருக்கும் பொம்மைகளுக்கு என்ன ஆகிறது என்று அளக்கிறார்கள். தடுப்புக்கு என்ன ஆகிறது என்பதற்கு மதிப்பெண் இல்லை. ஐரோப்பாவில் 2020 முதல் எதிரில் நகர்ந்து வரும் ஒரு தள்ளுவண்டியோடு மோதவிடுகிறார்கள். அந்தத் தள்ளுவண்டியை உங்கள் கார் அளவுக்கு மீறி நசுக்கினால் உங்கள் மதிப்பெண்ணில் கழிப்பார்கள். எனக்கு இது ஒரு பெரிய தத்துவ மாற்றமாகத் தெரிகிறது. எதிரே வருபவனும் கணக்கில் சேர்ந்துவிட்டான்.

நம் சாலையில் எதிரே வருபவன் யார்? 2022-ல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம். அதில் இருசக்கர வண்டிக்காரர்கள் 44.5 சதவீதம், நடந்து போனவர்கள் 19.5 சதவீதம். மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. இவர்களில் யாருக்கும் ஏர்பேக் கிடையாது.

"எடைதான் கொலைகாரன்" என்று அண்ணனிடம் வாதாடத் தயாராகி, ஒரு நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். எக்ஸ்எல்லும் ஆளும் தட்டையும் சேர்ந்து 160 கிலோ. அது ஏறக்குறைய நின்ற நிலையில் இருக்கும்போது இரண்டரை டன் வண்டி 80-ல் வந்து அடித்தால், எக்ஸ்எல் ஒரு கணத்தில் 75 கிலோமீட்டர் வேகத்துக்குத் தள்ளப்படும். காரின் வேகம் ஐந்துகூடக் குறையாது. உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் பிள்ளை முழித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அடுத்து ஒரு டன் எடையுள்ள சின்ன ஆல்டோவுக்குப் போட்டேன். எக்ஸ்எல் 69-க்குத் தள்ளப்படுகிறது. 75-க்கும் 69-க்கும் சித்தப்பாவுக்கு என்ன வித்தியாசம்? என் வாதம் என் நோட்டிலேயே செத்துப்போனது. எக்ஸ்எல்காரனுக்கு எல்லாக் காரும் மலைதான்.

எடை வித்தியாசம் பண்ணுவது காருக்கும் காருக்கும் நடுவில். அதே ஆல்டோவும் அண்ணன் வண்டியும் ஆளுக்கு 60-ல் நேருக்கு நேர் மோதினால், ஆல்டோவில் இருப்பவர்கள் 86 கிலோமீட்டர் வேக மாற்றத்தை வாங்குவார்கள், நாங்கள் 34. அவர்கள் வாங்குகிற 86, சோதனைக்கூடத்தின் 64-ஐத் தாண்டிய கதை. அமெரிக்காவில் ஆண்டர்சன், ஆஃப்ஹாமர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வு, தன்னைவிட ஆயிரம் பவுண்டு, அதாவது சுமார் 450 கிலோ, கூடுதலான வண்டி மோதும்போது சாவுக்கான வாய்ப்பு 47 சதவீதம் கூடுகிறது என்றது. அந்த 450 கிலோ கிட்டத்தட்ட நம் பேட்டரியின் எடை.

இதைச் சொன்னபோது அண்ணன் சிரிக்கவில்லை. "அரியலூர் ரோட்டுல நீ வந்திருக்கியாடா?" என்றான்.

அவன் மாமியார் வீடு அரியலூரில். பெரம்பலூரிலிருந்து அங்கே போகிற வழியில் சுண்ணாம்புக்கல் லாரிகளையும் சிமெண்ட் லாரிகளையும் ஒதுங்கித்தான் போக வேண்டும். ஒருகாலத்தில் கடல் கிடந்த மண் அது. கடலுயிர்களின் ஓடுகள் சுண்ணாம்பாகி, கோடிக்கணக்கான வருஷம் கழித்து டிப்பர் லாரியில் ஏறிப் போகின்றன. சுமையோடு 25 டன்னுக்கு மேல். "அதுக்கு முன்னாடி நம்ம ஏழு பேரும் ஒரு எக்ஸ்எல்தான்" என்றான் அண்ணன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரிதான். எக்ஸ்எல்காரன் ஆல்டோவுக்குப் பயந்து ஆல்டோ வாங்குகிறான். ஆல்டோக்காரன் எஸ்யூவிக்குப் பயந்து எஸ்யூவி. எஸ்யூவிக்காரன் லாரிக்குப் பயப்படுகிறான். ஒவ்வொருவன் பயமும் நியாயம்தான். ஆனால் ஒவ்வொருவனும் ஒரு படி ஏறும்போது, கீழ்ப் படியில் நிற்பவனுக்குப் புதிதாக ஒருவன் மலையாகிவிடுகிறான். கடைசிப் படியில் நிற்பவனுக்கு ஏற வசதி கிடையாது. அவன் தட்டைக் கட்டோடு கடந்துகொண்டிருக்கிறான்.

இன்னொரு விஷயம் எனக்குக் கோபமே வரவைத்தது. எடை பேட்டரியின் கட்டாயம், அதில் பொறியாளர்களைக் குறை சொல்ல முடியாது. முன்மூக்கு அப்படி இல்லை. முன்னால் எஞ்சின் கிடையாது, சாமான் வைக்க ஒரு பெட்டிதான் இருக்கிறது. பானெட்டுக்குக் கீழே கடினமான எஞ்சின் இல்லாததால் ஒருவன் தலை மோதினாலும் தகடு உள்வாங்க இடம் இருக்கும், அது நல்லது. ஆனாலும் உலகம் முழுக்க மின்சார எஸ்யூவிகள் பழைய எஞ்சின் வண்டியைப் போலவே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கின்றன. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனமான ஐஐஹெச்எஸ் 2023-ல், 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த மூக்குள்ள வண்டிகள், 30 அங்குலத்துக்குள் சரிந்த மூக்குள்ளவற்றைவிட, இடிபட்ட பாதசாரியைக் கொல்லும் வாய்ப்பு ஏறக்குறைய 45 சதவீதம் அதிகம் என்று கண்டது. தாழ்ந்த மூக்கு ஆளைப் பானெட்டின் மேல் தூக்கிப் போடும். உயர்ந்த மூக்கு நெஞ்சில் அடித்துக் கீழே தள்ளும். அந்த உயரத்தில் பெரும்பங்கு தோரணை. வாங்குகிறவனுக்குக் கம்பீரம் பிடிக்கும் என்பதால் வைத்தது. நமக்குப் பிடிக்கிறது என்பதும் உண்மை. போனில் படத்தைப் பார்த்தபோது எனக்கும் முதலில் பிடித்தது அந்த மூக்குதான்.

"அவரே வந்துட்டாருங்க." மனுநீதிச் சோழன் கதையில் அமைச்சர்கள் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். கன்று தானாகத் துள்ளி வந்து சக்கரத்தில் விழுந்தது, இளவரசன் வேண்டுமென்று செய்யவில்லை, பரிகாரம் செய்துவிடலாம். சட்டப்படி அமைச்சர்கள் சொன்னது சரி. ராஜா ஏற்கவில்லை. பையனைத் தேர்க்காலில் இட்டது எனக்கு ஏற்பில்லாத தண்டனை, அதைவிடுங்கள். ஆனால் தேரில் வந்தவனுக்கும் தெருவில் துள்ளியவனுக்கும் பொறுப்பு சமம் இல்லை என்று அவர் நினைத்திருக்கிறார். கன்று எப்படியும் துள்ளும். தேரில் ஏறுகிறவன் அதைத் தெரிந்துதான் ஏறுகிறான்.

அரியலூருக்கு இந்த வகையில் இன்னொரு நினைவும் உண்டு. 1956 நவம்பர் 23 விடியுமுன், வெள்ளத்தில் மருதையாற்றுப் பாலம் போய்த் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. ஏராளமானவர்கள் செத்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். அவர் பாலத்தைக் கட்டவும் இல்லை, மழையைக் கொண்டுவரவும் இல்லை. குற்றம் வேறு, பொறுப்பு வேறு என்பதை எங்கள் ஆறு ஒன்றுதான் நாட்டுக்குக் காட்டியது என்று அரியலூர்க்காரர்கள் சொல்லிக்கொள்ளலாம்.

அப்படியானால் வண்டி வாங்கவே கூடாதா? அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மாவுக்கு முட்டி வலி, பஸ்ஸில் ஏற முடியாது. லாரி நிஜம். நோட்டில் கடைசியாக ஒரு கணக்கு போட்டேன். இரண்டரை டன் 80-ல் போனால் இருக்கும் இயக்க ஆற்றலும், ஒன்றரை டன் 100-ல் போனால் இருப்பதும் கிட்டத்தட்ட ஒன்று. கூட்டிய எடையை வேகத்தில் திருப்பிக் கொடுத்துவிடலாம். இன்னொன்றும் தெரிந்தது. ஒரே இடத்தில் ஒரே அழுத்தத்தில் பிரேக் போட்டால், 80-ல் வந்தவன் முழுதாக நின்றுவிட்ட இடத்தில் 100-ல் வந்தவன் இன்னும் 60-ல் போய்க்கொண்டிருப்பான். இந்த 60 எந்த ஸ்டாரிலும் இல்லை. அந்தப் பையன் 100-ல் வந்தானா 80-ல் வந்தானா என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியாது.

மறுநாள் காலையில் அண்ணனிடம் சொன்னேன். பாதித் தவணை நான் போடுகிறேன். வண்டியில் வேக வரம்பு வைக்கும் வசதி இருக்கும், பெரம்பலூர் எல்லைக்குள் அதை 80-ல் வைக்க வேண்டும். நம் ஊர் இடைவெளி வரும்போது இன்னும் குறைக்க வேண்டும்.

"பின்னாடி வர்றவன் ஹார்ன் அடிச்சே கொன்னுருவான்டா" என்றான். முடியாது என்று சொல்லவில்லை.

அப்பா வந்து போன் படத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இதுல தட்ட ஏத்தலாமா?" என்று கேட்டார். பின் சீட்டை மடக்கினால் ஏற்றலாம் என்றான் அண்ணன், பாதி விளையாட்டாக. "இருவது லட்சம் வண்டியில தட்ட ஏத்தினா ஊரு சிரிக்கும்" என்று சொல்லிவிட்டு, துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு எக்ஸ்எல்லைக் கிளப்பினார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. சிறுவாச்சூர்க் கோயில் திறந்திருக்கும், சாலையில் கார்கள் ஜாஸ்தியாக இருக்கும். அவர் இடைவெளியில் நின்று ரெண்டு பக்கமும் பார்ப்பதை நானும் அண்ணனும் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.